மீன் தின்னாத நாய்

மத்தி மீன் ஒன்றின் வாலைப் பழைய பேப்பரில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அந்த நாயின் முகத்துக்கு நேரே நீட்டியபடி நான் குந்தியிருந்தேன். வெள்ளை நாய். புசுபுசுவென்று முடி, கழுத்தில் சிவப்புப் பட்டை. மீனை ஒரு தரம் மோந்து பார்த்தது. பிறகு, பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜி பிடிக்காத மாப்பிள்ளை மாதிரி, மரியாதையாக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

இடம், எங்கள் காரைக்கால் மீன்பிடித் துறைமுகம். ஐஸ் கம்பெனியின் வாசல். கத்திரி வெயில். நோன்புப் பெருநாள் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

“திங்காது லாத்தா. வந்த நாள்லேருந்து நானும் பாக்குறேன். மத்தி குடுத்தேன், நெத்திலி குடுத்தேன், வீட்ல இருந்த ஒரே ஒரு வௌவால் மீன் தலையவும் குடுத்தேன். திரும்பிக்கூடப் பாக்கல” என்றாள் தையல்நாயகி.

தையல்நாயகி கிளிஞ்சல்மேட்டுக்காரி. கூடையில் மீன் வைத்து விற்பவள். என்னை லாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். இருபது வருஷத்துக்கு மேலாக என் சமையலுக்கு மீன் அவள்தான் கொடுக்கிறாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அவளுக்குக் கோபமே வராது. அதனால்தான் எங்கள் சிநேகிதம் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது.

“பசிச்சா தானா திங்கும்” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அது தின்னவில்லை என்பது மட்டும் இல்லை. அந்த வாசலைவிட்டு நகரவும் இல்லை. பத்தடி தள்ளி வேப்ப மர நிழல் இருந்தது. அங்கே போய்ப் படுக்கலாம் இல்லையா? படுக்காது. கொதிக்கிற சிமெண்டுத் தரையில், ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தது. நாக்கு ஒரு முழம் வெளியே தொங்கியது.

இந்த வெயிலில் இப்படியே இருந்தால் இது பிழைக்காது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்தது.

தேக்சா கவிழ்ந்து கிடந்த வருஷம்

பிரியாணிக்காரிக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். போன வாரம் நூறு கிலோ அரிசியில் ஆக்கிய கல்யாணப் பிரியாணியைப் பற்றி எழுதினவள், இந்த வாரம் நாய்ச்சோற்றைப் பற்றி எழுதுகிறாளே என்று முகம் சுளிக்காதீர்கள். சொல்கிறேன்.

கொரோனா ஓய்ந்துவிட்டது என்று எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிப் போட்டிருந்த சமயம் அது. ஆனால் பிழைப்பு திரும்பி வரவில்லை. வளைகுடாவில் இருந்த பிள்ளைகள் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தார்கள். கம்பெனிகளில் ஆள் குறைத்தார்கள். ஐந்நூறு பேரைக் கூப்பிட்டுச் செய்கிற கல்யாணத்தை, ஐம்பது பேரோடு வீட்டு மாடியிலேயே முடித்தார்கள். என் தேக்சாக்கள், அதாவது பிரியாணி ஆக்குகிற பெரிய சட்டிகள், கொல்லையில் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. காலையில் எழுந்து அவற்றைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

அந்த வருஷம் நோன்பு மாதத்தின் பாதியிலேயே மீன்பிடித் தடைக்காலமும் ஆரம்பித்தது. எங்கள் பக்கம் தடைக்காலம் என்றால் இரண்டு மாசத்துக்கு விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம், அரசாங்கச் சட்டம். சின்ன ஃபைபர் படகுகள் மட்டும் போய் வரும். அவை கொண்டுவருகிற மீன் ஏலத்துக்கே பற்றாது. துறைமுகம் வெறிச்சோடிக் கிடக்கும். மீன் வாடையே குறைந்துவிடும்.

அந்த இரண்டு மாசத்தில்தான் துறைமுகத்தில் புது நாய்கள் வர ஆரம்பித்தன.

தெரு நாய் எது, வீட்டு நாய் எது என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். தெரு நாய் ஆளைப் பார்த்தால் ஒதுங்கும். இவை ஆளைப் பார்த்தால் ஓடி வந்தன. ஒன்றுக்குக் கழுத்தில் மணி. ஒன்றுக்கு, மாட்டுப் பொங்கலுக்கு யாரோ கட்டிய கலர் ரிப்பன். ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அது சுற்றி மோந்து பார்க்கிற நேரத்தில் வண்டியைக் கிளப்பிப் போய்விடுவார்களாம். பட்டினச்சேரிப் பக்கமும் இதே கதை என்றாள் தையல்.

ஏன் இங்கே கொண்டுவந்து விட வேண்டும்? அதுதான் வேடிக்கை. வீட்டிலே மனுஷனுக்கே சோறு இழுபறி. நாயைக் கொல்லவும் மனசு வராது, வைத்துக்கொள்ளவும் வழி கிடையாது. துறைமுகத்தில் விட்டால் மீன் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வருஷத்தில் மீனே இல்லாத இரண்டு மாசமாகப் பார்த்து, மீனை நம்பி விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

“ஊருக்குள்ள இருக்கறவங்களுக்கு மீன் தட்டுல வந்தாத்தான் தெரியும். கடல்ல வராதது எப்படித் தெரியும்” என்று தையல் சிரித்தாள். அவள் வீட்டில் அன்றைக்கு ரேஷன் அரிசிக் கஞ்சிதான்.

ஏழு தண்ணி

நோன்பு மாதத்தில் எங்கள் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுவார்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொஞ்சம் கறி, தேங்காய்ப் பால் எல்லாம் போட்டுக் காய்ச்சுகிற நோன்புக் கஞ்சி. அந்த வருஷம் அதைக் காய்ச்சிக் கொடுத்தது நான்தான். சட்டியின் அடியில் தங்குகிற கஞ்சியை வழித்து எடுத்தால் ஒரு வாளி தேறும். அந்த வாளியை என் வீட்டுக்காரரின் மொபெட்டில் வைத்துத் துறைமுகத்துக்கு அனுப்பினேன். ஆரம்பம் அவ்வளவுதான். பெரிய தர்மம் எல்லாம் இல்லை.

மச்சான் (இந்தத் தொடரில் என் வீட்டுக்காரரை அப்படித்தான் எழுதி வருகிறேன், வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்) முதல் நாள் போய்விட்டு வந்து வாசலிலேயே நின்றார்.

“வாளியில வாய வச்சுருச்சு.”

எங்களுக்கு நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு தண்ணி விட்டுக் கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணியில். சின்ன வயசில் உம்மா சொல்லிக் கொடுத்த சட்டம். நான் வாளியை வாங்கிக் கொல்லைப் பக்கம் போய், மண் எடுத்து, ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கழுவினேன். நடுவில் மச்சான் ஏதோ பேசி எண்ணிக்கையைக் குழப்பிவிட்டார். மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். அன்றைக்கு அவர் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சம் இல்லை, அதுவும் நோன்பு வாயோடு.

அவருக்கு மனசில் ஒரு உறுத்தல் இருந்திருக்கும் போலிருக்கிறது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் போனவர் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டு வந்தார்.

“என்ன சொன்னாக?”

“வாயில்லாத ஜீவனுக்குச் சோறு போடுறத யாருப்பா தடுத்தாங்கன்னு கேட்டாரு. பாத்திரத்த மட்டும் தனியா வச்சுக்கச் சொன்னாரு.”

“வேற ஒண்ணும் சொல்லலியா?”

“நேத்துக் கஞ்சியில உப்பு தூக்கலுன்னாரு.”

அதற்கப்புறம் அந்த வாளியைத் தனியாக ஒதுக்கிவிட்டேன். சோற்றைப் பூவரச இலையில் வைத்தோம். பெருநாள் வந்து கஞ்சி நின்றபோது பெரிய கடைத்தெருவில் ஒரு அரிசி மண்டிக்காரர் நொய் கொடுத்தார். ஆட்டுக்கறிக் கடை நானா, அதாவது கடைக்கார அண்ணன், எலும்பு கொடுத்தார். நானாக யாரிடமும் போய்க் கேட்கவில்லை. விஷயம் காதுக்குக் காது போய், அவர்களாகவே கொண்டுவந்து வைத்தார்கள். அவர்களுக்கும் அந்த வருஷம் வியாபாரம் படுத்துக் கிடந்தது. அந்த மனுஷர்களை நினைத்தால் இன்றைக்கும் என் நெஞ்சு நிறைகிறது. அல்லாஹ் அவர்கள் கையில் பரக்கத்தை, வற்றாத வளத்தைக் கொடுக்கட்டும்.

அட்டைப்பெட்டியில் வந்த சீமாட்டி

நாய்க்கதைக்கு நடுவில் ஒரு பூனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அது என்னைச் சும்மா விடாது. இதை எழுதும்போதும் என் மேஜைக்குக் கீழே அதுதான் படுத்திருக்கிறது.

நாய்ச்சோறு ஆக்குகிறவள் என்று பேர் விழுந்துவிட்டால் அப்புறம் வாசலுக்கு எல்லாமே வரும். ஒரு நாள் விடியுமுன் சஹர் சாப்பிட எழுந்து கதவைத் திறக்கிறேன், ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே பெர்ஷியன் பூனை. எங்கள் வீடுகளில் பூனைக்குப் பஞ்சமில்லை, ஆனால் அவை சாதாரண வரிப்பூனைகள். இது சாம்பல் நிறத்தில், மூக்குச் சப்பையாக, நிறைந்த அமாவாசையில் பிறந்தது போல உர்ரென்று ஒரு முகம். துபாயிலிருந்து திரும்பி வந்த ஏதோ ஒரு வீட்டார் வளர்த்த பிள்ளை. யார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டால் அடுத்த கல்யாணத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

பெட்டியோடு ஒரு பொட்டலம் பூனைத் தீனியும் வைத்திருந்தார்கள். அது தீர்ந்த அன்றைக்குச் சீமாட்டி உண்ணாவிரதம். சோற்றில் பால் ஊற்றினேன், ம்ஹூம். முட்டை அவித்து வைத்தேன், ம்ஹூம். கடைசியில், தையல் கொண்டுவந்து போட்ட கூடைக்குள் தலையை விட்டு, காரப்பொடி மீனை முள்ளோடு தின்றுவிட்டு, மீசையெல்லாம் வெள்ளிச் செதிலாக வெளியே வந்தது. அன்றையிலிருந்து அது முழுக் காரைக்கால்காரி.

அந்த அனுபவத்தில்தான் துறைமுக நாயைப் பார்த்து, பசித்தால் தானாகத் தின்னும் என்று சொன்னேன். பூனைக்குப் பலித்தது நாய்க்குப் பலிக்கவில்லை.

என் கைச்சோறு வேண்டாமாம்

மற்ற நாய்கள் எல்லாம் மொபெட் சத்தம் கேட்டதுமே வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். நொய்ச்சோற்றில் எலும்புச் சாறு ஊற்றிப் பிசைந்து வைத்தால் இலையோடு தின்றுவிடும். வெள்ளை நாய் மட்டும் ஐஸ் கம்பெனி வாசலிலேயே உட்கார்ந்திருக்கும்.

அதற்குத் தனியாக ஒரு இலை கொண்டுபோய் வைத்தேன். எலும்பைப் பொறுக்கிவிட்டு வெறும் கறித் துணுக்காக வைத்தேன். மோந்து பார்த்துவிட்டுக் கும்பிடு போடாத குறையாகப் பின்வாங்கியது. தண்ணீர் மட்டும் குடித்தது.

எனக்கு வந்ததே கோபம். நாற்பது வருஷமாகச் சமைக்கிறேன். நாகூர், திருமலைராயன்பட்டினம், மாயவரம் வரைக்கும் போய்ச் சமைத்திருக்கிறேன். என் கைச்சோற்றை வேண்டாம் என்று சொன்ன ஜீவன் அதுவரைக்கும் பிறக்கவில்லை.

“இதுக்கு என்னதான் வேணுமாம்? தந்தூரியா?” என்று மச்சானிடம் கத்தினேன்.

“அது உன்னைய அவமானப்படுத்தணும்னு பண்ணல கதீஜா. ஏதோ ஏக்கம்” என்றார் அவர்.

அவர் சொன்னதுதான் சரி. ஒவ்வொரு ஆட்டோ வரும்போதும் அது எழுந்து நின்றது. ஆட்டோ தாண்டிப் போனதும் மறுபடி உட்கார்ந்தது. முடி சடை பிடித்து, இடுப்பு எலும்பு துருத்த ஆரம்பித்திருந்தது. தூக்கிக்கொண்டு போகலாம் என்று ஐஸ் கம்பெனி ஆட்கள் கிட்டே போனால் பல்லைக் காட்டியது. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் அம்மாவைக் கையோடு கூட்டிவந்தேன். நல்ல மனுஷி. வெயிலில் மண்டியிட்டு உட்கார்ந்து, பேசிப் பேசியே கிட்டே போய், வாயைத் திறந்து, வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

“நோய் ஒண்ணும் இல்லம்மா. சாப்பிட்டாப் போதும். ஆனா இங்கயே வெயில்ல கெடந்தா ரொம்ப நாள் தாங்காது” என்றார்.

தையலின் தூக்குவாளி

அந்த வாரம் கிளிஞ்சல்மேட்டு மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிற வரைக்கும் அந்த ஊரில் மீன் சமைக்க மாட்டார்கள். மீனவர் குப்பமே சைவமாகிவிடும். தையலின் மதியச் சாப்பாடு தூக்குவாளியில் தயிர்சாதம், கடித்துக்கொள்ள மாங்காய்.

ஐஸ் கம்பெனி மதில் ஓரமாக உட்கார்ந்து அவள் வாளியைத் திறந்தாள். நான் எதிரில் நின்று மற்ற நாய்களை விரட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளை நாய் தலையைத் திருப்பியது. மூக்கைத் தூக்கியது. எழுந்தது. ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு அது நடந்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். நேராகத் தையலின் முன்னால் வந்து உட்கார்ந்து, முன்னங்கால் ஒன்றைத் தூக்கி அவள் முழங்காலில் வைத்தது.

தையல் என்னைப் பார்த்தாள். நான் தையலைப் பார்த்தேன்.

“அடி ஆத்தி. இது சைவம் லாத்தா” என்றாள்.

வாளியை அப்படியே இலையில் கவிழ்த்தாள். அது தின்றதைப் பார்க்க வேண்டுமே. ஒரு பருக்கை மிச்சமில்லை. இலையை நக்கி, வாளியையும் நக்கி, தையலின் கையையும் நக்கியது. அவள் பசியோடு உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். வெயிலுக்குக் கண் கரிக்கிறது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.

ஆக, மீன் வாங்காத, கறி சமைக்காத ஏதோ ஒரு வீட்டில், தினம் தயிர்சாதம் தின்று வளர்ந்த பிள்ளை அது. அந்த வீட்டார் அதைக் கொண்டுவந்து மீன் துறைமுகத்தில் விட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு கூத்து வேறு எந்த ஊரில் நடக்கும்?

மறுநாளிலிருந்து நான் தயிர்சாதமே பிசைந்து அனுப்பினேன். பிரியாணி மாஸ்டர் தயிர்சாதத்துக்கு இறங்கி வந்தாச்சு என்று மச்சான் கிண்டல் செய்தார். உயிர் தங்கியது. ஆனால் சாப்பிட்டு முடித்ததும் நாய் மறுபடியும் அதே வாசலுக்கு, அதே வெயிலுக்குப் போய் உட்கார்ந்துவிடும். தையல் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள். நாலு அடி அவளோடு வரும், நிற்கும், ரோட்டைத் திரும்பிப் பார்க்கும், திரும்பி ஓடிவிடும். ஒரு நாள் மத்தியானம் அங்கேயே மயங்கி விழுந்துவிட்டது. தண்ணீர் ஊற்றித் தெளிய வைத்தோம். கண்ணைத் திறந்ததும் அது பார்த்தது ரோட்டைத்தான்.

மதிலுக்குப் பின்னால் ஒருவர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஐஸ் கம்பெனி மதிலுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்து நிற்பதைப் பார்த்தேன். ஐம்பது வயசு இருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, தோளில் ஒரு பை. மதில் விளிம்பு வழியாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு நாயைக் கொண்டுவந்து விடுவதற்கு இடம் பார்க்கிறார் என்று நினைத்தேன். விடுவேனா?

“என்னங்க, பைக்குள்ள என்ன? குட்டியா? இங்க ஏற்கெனவே விட்டுட்டுப் போனதுங்களுக்கே சோறு இல்ல. ஒங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?” என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் பேசிவிட்டேன். என் வாய் எப்படிப்பட்டது என்று இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

அவர் கையைக் கூப்பினார்.

“மெதுவாப் பேசுங்கம்மா. என் கொரல கேட்டா அது ஓடி வந்துரும்” என்றார். பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு சம்படம். தயிர்சாதம்.

நான் அவர் பக்கமாக மதில் மறைவுக்குப் போனேன்.

அப்புறம் அவரே சொன்னார். திருமலைராயன்பட்டினம் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். கம்பெனியை மூடிவிட்டார்கள். வாடகை கொடுக்க முடியாமல் வீட்டைக் காலி செய்து, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய், பனியன் கம்பெனி வேலை. ஒரே அறை. நாய் கூடாது என்று வீட்டுச் சொந்தக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். இங்கே யாரும் நாயை எடுத்துக்கொள்ளவில்லை.

“எங்க வீட்ல மீனே வாங்குனதில்லைங்க. துறைமுகம்னா எப்பவும் மீன் கெடக்கும்னு நெனச்சுட்டேன். பேப்பர்ல தடைக்காலம்னு போட்டிருந்தான், படிச்சேன். எனக்கென்னான்னு பக்கத்தப் பொரட்டிட்டேங்க. பசிச்சா நாய் மீன் திங்காதான்னு வேற...”

“சரி, வந்தீங்களே. ஏன் ஒளியிறீங்க?”

“பாத்துட்டா என் கூடவே வரும்மா. கூட்டிட்டுப் போக வழியில்ல. ரெண்டாந் தடவையும் விட்டுட்டுப் போற தெம்பு எனக்கில்ல. நீங்களே இதக் குடுத்துருங்க. அது திங்கிறத தூர நின்னு பாத்துட்டுப் போயிடறேன்.”

அப்போது தையல் பின்னாலிருந்து வந்தாள். நாங்கள் பேசியது முழுக்க அவள் காதில் விழுந்திருக்கிறது. அவளுக்குக் கோபமே வராது என்று எழுதினேன் அல்லவா? அன்றைக்கும் வரவில்லை.

“ஏங்க, நீங்க வேலைக்குப் போறப்ப இது என்னா பண்ணும்?” என்று கேட்டாள்.

“தெனம் வாசக் கேட் வரைக்கும் வரும். ‘ஜிம்மி, நான் போயிட்டு வர்றேன்’னு சொல்லுவேன். சொன்னா உள்ள போயி படுத்துக்கும். சாயங்காலம் வரைக்கும் அசையாது.”

“இங்க எறக்கி விட்டப்ப சொன்னீங்களா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எப்படிம்மா சொல்லுவேன்? வர மாட்டேன்னு எனக்குத் தெரியுமே.”

தையல் மதிலில் சாய்ந்துகொண்டாள். சுனாமி அன்றைக்குக் கடலோரம் நின்ற அவள் புருஷன் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அவள் என்னிடம்கூட அதிகம் பேசியதில்லை. அன்றைக்கு முன்பின் தெரியாத இவரிடம் சொன்னாள்.

“எங்க ஆளுங்க கடலுக்குப் போறப்ப ‘போறேன்’னு சொல்ல மாட்டாங்க. ‘வர்றேன்’னுதான் சொல்லுவாங்க. எங்க வூட்டு ஆளு அன்னிக்கு நான் தூங்குறேன்னு சொல்லாமயே எந்திரிச்சுப் போயிட்டாரு. நான் இன்னும் வாசலப் பாத்துக்கிட்டுத்தாங்க இருக்கேன். இதுவும் அப்படித்தான் ஒக்காந்திருக்கு. அதுகிட்டச் சொல்லிட்டுப் போங்க.”

“பொய் சொல்லச் சொல்றீங்களாம்மா?”

“ஏன் பொய்யி? வாங்க. மாசத்துக்கு ஒருக்கா முடியலன்னா தீவாளிக்கு வாங்க. தீவாளிக்கு முடியலன்னா பொங்கலுக்கு வாங்க. இது என் வீட்டுல இருக்கும். வர்றதா இருந்தாச் சொல்லலாமுல்ல?”

அவர் மதிலைச் சுற்றி வெளியே நடந்தார்.

நாய் பார்த்தது. அதன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, குழந்தை விம்முவது மாதிரி. அப்புறம் அது பாய்ந்த பாய்ச்சலில் மனுஷன் தரையில் உட்கார்ந்தே விட்டார். சட்டை, விபூதி, மூக்குக் கண்ணாடி, எல்லாவற்றையும் நக்கியது. அவர் அழுதார். தையலும் அழுதாள். நான் இந்தத் தடவை வெயிலின் மேல் பழி போடவில்லை.

கிளிஞ்சல்மேட்டுக்கு அது அவர் பின்னாலேயே வந்தது. ஒரு தடவைகூட ரோட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. தையல் வீட்டு வாசலில் வலை உலர்ந்துகொண்டிருந்தது. அவர் உள்ளே போய், தரையில் உட்கார்ந்து, சம்படத்தைத் திறந்து தன் கையாலேயே ஊட்டினார். தையல் கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தபோது நாயும் எழுந்தது. வாசல் வரைக்கும் கூடவே வந்தது.

அவர் குனிந்தார். தலையைத் தடவினார்.

“ஜிம்மி, நான் போயிட்டு வர்றேன்.”

நாய் அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தது. அது திரும்பி உள்ளே போயிற்று. ஒரு சுற்றுச் சுற்றி, தையல் வீட்டுச் சுவர் ஓரத்துக் குளிர்ந்த தரையில், முன்னங்கால் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

தீபாவளிக்கு அவர் வந்தார், மனைவி மகளோடு. அன்றைக்குத் தையல் தன் வீட்டில் மீன் ஆக்கவில்லை.